எடை பார்க்கும் முன் கழற்றியவை

1.

மறைப்பானேன், இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. முழங்கால் வலிக்காகப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருபது வயசுப் பெண் ஒருத்தி. நர்ஸ் கூப்பிட்டதும் செருப்பு, கைக்கடிகாரம், கடைசியில் தலை கிளிப்பைக்கூடக் கழற்றிவைத்துவிட்டு எடை மெஷினில் ஏறினாள். கிளிப் என்ன கனம் கனக்கும், சொல்லுங்கள்! மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் வரி: ‘அவள் குண்டாக இருந்தாள்.’ (அடித்துவிட்டேன். எல்லாரும் அவளை அந்த வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானுமா?)

அவள் வேலை செய்வது துணிக்கடையில், நாலு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி, அதில் அவள்— (வேண்டாம். சினிமா.)

சரி, நேராகவே சொல்கிறேன். பதினேழு வயசில் அவளுக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்தது. நாற்பது கிலோ குறைந்தது. அப்பா ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். பழைய உடுப்புகளை அம்மா ஒரே நாளில் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்புறம் பசி திரும்பியது, கூடவே பதினொரு கிலோவும். யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்றல்லவா வீடு நம்புகிறது. மதியம் கடைப் பெண்கள் கூடிச் சாப்பிடும்போது இவள் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள்.

(ஒரு குறிப்பு: இப்படித் திரும்புவது பலருக்கும் நடப்பதுதானாம். அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை.)

3.

போன மாசம் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: “இன்னும் ஏறிச்சுன்னா வாரம் ஒரு ஊசி ஆரம்பிச்சிடலாம்மா. பசி அடங்கும்.”

அந்த ஊசி அவளுக்கு வேணும். அப்படி வேணும். ஆனால் செக்கப்புக்கு நாலு நாள் இருக்கையில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏறின எடையோடு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? நாலு நாளும் தண்ணீரும் காப்பியும்தான். அடிப் பைத்தியமே! பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எடை பார்ப்பதற்குப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

மெஷின் போன மாசத்தைவிட நாலு கிலோ குறைத்துக் காட்டியது.

“அட, பரவாயில்லையே! ஊசியெல்லாம் வேண்டாம். இப்படியே இரும்மா, ஆறு மாசம் கழிச்சு வா.”

“சரி மேடம்,” என்றாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

4.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லி அழுகிறாள். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொள்கிறார். (எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. பொய்.)

முடிவு இரண்டு: வீட்டில் அம்மா கேட்கிறாள், “என்னடி சொன்னாங்க?”

“குறைஞ்சிருக்காம்.”

“பாத்தியா! நான் சொல்லல?” என்று பூரித்துப்போகிறாள். மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அப்புறம்— (என்னால் முடியவில்லை.)

5.

ஆகவே அவளை இன்னும் டாக்டர் அறையிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். எழுந்துவிட்டாள். கதவுப் பிடியில் கை.

அங்கே உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக எல்லாரும் அவளிடம் கேட்டது, “என்னத்தடி சாப்பிட்டே?” என்றுதான். “சாப்பிட்டியாம்மா?” என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் கேட்டால் அது வெறும் எழுத்து. நீங்கள் கேளுங்கள், அவள் வெளியே போவதற்குள்.