நடவுக்கு வந்த ஆண்கள்

தமிழ்மாறன் வயலில் ஆம்பளைகள் நடவு நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அம்சம் நம்பவில்லை. நன்னிலம் பக்கத்திலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தாறு வயதாகிறது அவளுக்கு. நாற்றுப் பறிப்பது, வரப்பு வெட்டுவது ஆண் வேலை. சேற்றில் குனிந்து நடுவது பெண் வேலை. ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அவளையும் சேர்த்து ஒன்பது பெண்கள் ஒரு குழுவாக நடவுக்குப் போவார்கள். முன்பு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். எந்த வயலுக்கு என்றைக்குப் போவது என்று பேசி முடிப்பது அம்சம்தான்.

தமிழ்மாறன் அதே தெருப் பையன்தான். சென்னையிலிருக்கும் சந்தானகிருஷ்ணனின் எட்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கே வந்து சொன்னான்.

"அத்தை, ஒன்பது பேரை வச்சுக்கிட்டு எட்டு ஏக்கர் என்னைக்கு முடியும்? நாத்து முத்திக்கிட்டிருக்கு. நூறு நாள் வேலை வந்ததிலேருந்து வயலுக்கு ஆளே கிடைக்கல. நன்னிலத்துல வங்காளத்து ஆளுங்க தங்கியிருக்காங்க. வரச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க." நடப்போவது ஆண்கள் என்று அவன் சொல்லவில்லை.

அம்சத்தைவிட அவள் புருஷன் மருதையனுக்குத்தான் கோபம். வந்தவர்கள் நாற்றையும் தாங்களே பறித்துக்கொள்வார்களாம். அப்படியானால் அவனுக்கும் வேலை போயிற்று.

"நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் வரப்புல மறிச்சிடலாம்" என்றான்.

"மறிக்கலாம். முதல்ல எப்படி நடுறாங்கன்னு பாத்துட்டு வரேன்."

மறுநாள் காலை அம்சம் போனபோது குழுவிலிருந்து மூன்று பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். பத்து ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாகக் குனிந்திருந்ததைப் பார்த்ததும் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழ்நிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தெட்டு வயது, குழுவிலேயே வேகமான கை அவளுடையது.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. பத்துப் பேரும் பேசவே இல்லை. இடது முழங்கையில் நாற்றைச் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலால் இரண்டு மூன்றாகப் பிரித்துத் தள்ள, வலது கை எடுத்து ஊன்றியது. கயிறு பிடிக்காமலே வரிசை நேராக இருந்தது. அம்சம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். ஓரத்தில் நட்டுக்கொண்டிருந்தவன் பக்கத்தில் போய், கட்டி வைத்திருந்த ஒரு முடி நாற்றை அவிழ்த்து, அவனைப் போலவே முழங்கையில் சாய்த்துப் பார்த்தாள். பாதி சேற்றில் விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. அவள் கையைத் திருப்பி எப்படி வைப்பது என்று காட்டினான்.

அவன் பெயர் நிமாய். தமிழ்நாட்டுக்கு வந்து மூன்று வருஷம். தமிழ் கொஞ்சம் பேசினான்.

"உங்க ஊர்ல பொம்பளைங்க நடவு நட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நடும் அக்கா. ஆம்பளையும் நடும், பொம்பளையும் நடும்."

"அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அங்க கூலி கம்மி. நூறு நாள் வேலை நின்னு போச்சு. மூணு வருஷம் இல்லே. அதான் வந்தது."

அம்சம் நிமிர்ந்து நின்றாள். இங்கே அந்த வேலை இருப்பதால்தான் ஆள் இல்லை என்கிறான் தமிழ்மாறன். அங்கே அது இல்லாததால் ஆள் இங்கே வந்து நிற்கிறது. வேடிக்கையாகத்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. நேரே வரப்பில் நின்ற தமிழ்மாறனிடம் போனாள்.

"தமிழு, இவங்களுக்கு என்ன கூலி?"

"நாள் கூலி கிடையாது அத்தை. நாத்துப்பறி, நடவு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு அஞ்சாயிரம்."

ஒரு நாளில் இரண்டு ஏக்கர் முடிக்கிறார்கள், பத்துப் பேர். ஆளுக்கு ஆயிரம். அவளுடைய பெண்ணாள் கூலி நானூறு.

"நடவு பொம்பளை வேலைதானே? அதுக்குப் பொம்பளைக் கூலிதானே?"

தமிழ்மாறன் சிரித்துவிட்டான். "எந்த ஆம்பளை அத்தை அந்தக் கூலிக்கு வருவான்?"

"அதைத்தான் கேக்குறேன்" என்றாள் அம்சம்.

அவன் சிரிப்பு நின்றது. வரப்பு மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான்.

"கடைசி ரெண்டு ஏக்கரை எங்களுக்கு விடு. அதே அஞ்சாயிரம். நாத்தும் நாங்களே பறிச்சுக்கிறோம். ரெண்டு நாள்ல முடிக்கலைன்னா அவங்களைக் கூப்பிட்டுக்க."

அவனுக்குச் சரி என்று சொல்வதைத் தவிர வழியில்லை.

வீட்டில் மருதையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். "நாத்தும் நீங்களே பறிச்சா நான் என்ன பண்றது?"

"நீங்களும் வாங்க. பறிங்க, அப்புறம் நடுங்க."

"நடவா? ஊரே சிரிக்கும்."

"அந்தப் பத்துப் பேரையும் பாத்து நாங்களும்தான் சிரிச்சோம். அரை மணி நேரத்துக்கு மேல சிரிக்க முடியல."

அவன் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான். நடவு அன்று விடியற்காலையில் நாற்றங்காலில் முதலில் நின்றது அவன்தான். வெயில் ஏறியதும் மற்றவர்களோடு வயலில் இறங்கினான். அவன் நட்ட வரிசை வளைந்து வளைந்து போனது. தமிழ்நிலா பின்னாலேயே வந்து சரி செய்தாள். மாலைக்குள் அவனுக்கு இடுப்பு ஒடிந்துபோனது. "இதை எப்படிடி வருஷம் பூரா பண்றீங்க?" என்று அவன் கேட்டான். அம்சம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவன் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

இரண்டு நாளில் இரண்டு ஏக்கரும் முடிந்தது. மருதையனையும் சேர்த்துப் பத்துப் பேருக்கும் சமமாகப் பிரித்ததில், பழைய கூலியைவிட நாளுக்கு நூறு ரூபாய் அதிகமாகவே வந்தது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

"செங்கமலம் அத்தை நட்டதைவிட நான் ரெண்டு மடங்கு நட்டேன்" என்றாள் தமிழ்நிலா. "நாள் கூலின்னா பரவாயில்லை. இது நம்ம வேகத்துக்கு வர்ற காசு. எப்படிச் சமமாப் பிரிக்கிறது?"

குழுவிலேயே மூத்தவள் செங்கமலம், அறுபத்து மூன்று வயது. பக்கத்தில்தான் நின்றாள்.

தமிழ்நிலா சொன்னதில் தப்பில்லை. அம்சத்துக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நாள் கூலியில் மெதுவான கை யாருக்கும் பாரமாகத் தெரிந்ததில்லை. ஏக்கர் கணக்குக்கு மாறிய இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அடுத்த நாள் நிமாய் ஆட்கள் வேலை செய்த வயலுக்குப் போய் அவனிடமே கேட்டாள்.

"உங்கள்ல வயசானவங்க, மெதுவா நடுறவங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

நிமாய் தூரத்தில் பம்ப் செட் கொட்டகையைக் காட்டினான். நரைத்த தலையோடு ஒருவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"நாங்க பத்து இல்லே அக்கா, பதினொண்ணு. அவர் சமைக்கும்."

"அவருக்கு எவ்வளவு?"

"எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவு."

"சோறாக்குறதுக்கா? முழுப் பங்கா?"

நிமாய்க்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "சோறு இல்லேன்னா நடவு எப்படி?" என்றான்.

அடுத்த வாரம் பக்கத்து வயலில் ஒரு ஏக்கர் ஒப்பந்தத்துக்குக் கிடைத்தது. மூன்று செங்கல் வைத்து வரப்பில் அடுப்பு மூட்டிச் செங்கமலம் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினாள். விடியுமுன் கட்டிவந்த பழைய சோற்றை வெயிலில் தின்றே பழகியவர்கள், சுடச்சுடச் சாப்பிட்டார்கள். தமிழ்நிலா இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டாள். பங்கைப் பற்றி அன்றைக்கு அவள் பேசவில்லை. நாளைக்குப் பேசினாலும் பேசுவாள்.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செங்கமலம் புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

"உக்காருங்களேன் அத்தை, உங்க பங்கு உங்களுக்கு உண்டு" என்றாள் அம்சம்.

"பங்கு கிடக்கட்டும். நடவுக்கு வந்துட்டு நடாம எப்படி இருக்கிறது? நாத்தைக் குடு" என்று கிழவி கையை நீட்டினாள்.