இருநூற்று நாற்பத்தேழு நடை

காலை ஏழு மணி நடைக்கு வண்டி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே முனிராஜ் தன் துண்டை எடுத்து முன்படிக்கு நேரான ஜன்னலோர சீட்டில் போட்டுவிட்டான். கண்டக்டரே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பென்னாகரம் ரூட்டில் யாரும் பார்த்ததில்லை.

"யாருக்குப்பா?" என்றார் டிரைவர் வெங்கடாசலம்.

"வர்றாங்கண்ணா."

வருகிறவர் பெயர் அவனுக்கே தெரியாது. ஜெர்மனிக்காரப் பெண், வயது முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் அவ்வளவுதான் சொன்னார்கள். அவர் கொடுத்த ரத்தக் குருத்தணுக்கள் ஒரு பெட்டியில் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூருக்குப் பறந்து வந்துகொண்டிருந்தன. எட்டு வயது மகள் யுவராணியின் பழுதான எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுக்க அழித்தாகிவிட்டது. பெட்டி மூன்று நாளுக்குள் வராவிட்டால் பிள்ளை பிழைக்காது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு உள்ளே ஒருவர்தான் இருக்கலாம். வராந்தாவில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்காமல் டூட்டிக்குப் போங்க என்று மனைவி சோபனா அவனைத் துரத்திவிட்டிருந்தாள்.

ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் என்றார்கள். பென்னாகரத்துக்கு ஒரு நடை முப்பது கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தான்: இருநூற்று நாற்பத்தேழு நடை. நாளுக்கு எட்டு நடை போனாலும் லீவே போடாமல் ஒரு மாதம். அவ்வளவு தூரம் தாண்டி வருகிறவருக்கு ஒரு சீட்டாவது பிடித்து வைக்க வேண்டாமா?

இண்டூரில் கீரைக் கூடையோடு ஏறிய ராமக்காள் பிடித்துக்கொண்டாள்.

"ஆளில்லாத சீட்டுக்குக் காவலா? ஓசி டிக்கெட்டுன்னா நாங்க நின்னுகிட்டேதான் வரணுமா? நீ உருப்படு..."

முனிராஜ் வாய்க்கு வாய் கொடுக்கிறவன்தான். இன்று சட்டென்று கை கூப்பினான்.

"எவ்ளோ வேணா திட்டுங்கக்கா. சாபம் மட்டும் வேணாங்க."

அவள் கூடையைக் காலடியில் இறக்கினாள். பென்னாகரம் வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள்.

பத்தரைக்கு விமானம் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அதன்பிறகு மாலை வரை ஒன்றுமில்லை. மூன்று பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தான். ஐந்தரைக்கு, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில், சோபனா கூப்பிட்டாள்.

"ஏத்தறாங்க. சின்னப் பைதாங்க, சொட்டு சொட்டா எறங்குது." குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணு மகராசியா இருக்கணும்."

"பாப்பா?"

"கார்ட்டூன் பாக்கறா."

யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ராமக்காள் வெறும் கூடையோடு வந்து, துண்டு போட்ட சீட்டைத் திரும்பியும் பார்க்காமல் கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா, உக்காருங்க."

"ஆளு வருதுன்னு சொன்ன?"

"வந்துட்டாங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரையும் காணவில்லை. கால்வலி கேள்வியை விழுங்கியது. துண்டைக்கூட எடுக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முனிராஜ் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்து, சற்றே குனிந்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினான்.