சின்ன வேம்புலியின் சாமி

மகனுக்குப் பெண் பார்க்க வந்த பூந்தமல்லிச் சின்னப்பையன், கையில் எடுத்த வெற்றிலையைப் போடாமல் தட்டிலேயே வைத்தார்.

"உன் நைனா பேரு வேம்புலின்னு சொன்ன இல்ல? எங்க கொலசாமி வேம்புலியம்மன். உனுக்கும் அதே சாமின்னா நாம பங்காளிங்க. அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டி வெக்கச் சொல்றியா?"

நாகப்பனுக்குத் தன் குலசாமி எதுவென்று தெரியாது. அப்பா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பிழைக்க வந்து, இவன் பால்குடி மறக்குமுன் செத்துப்போனவர். பொங்கல் வைக்கப் போகிறேன் என்று கேட்டால் எந்த ஆண்டை வேலையை விட்டு அனுப்புவார்? சாமி விட்டுப்போயிற்று. மகள் வடிவுக்கு வயதோ ஏறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை.

"விசாரிச்சுகினு வந்து சொல்றேன்" என்றான்.

ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணம் காலியானதற்கு மறு வருஷத்துப் பங்குனி அது. அறுப்பு முடிந்து மூட்டை ஏற்றும் வேலை ஓய்ந்திருந்தது. ஒற்றைமாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, கூழும் கருவாடும் எடுத்துக்கொண்டு, மனைவி கெங்கம்மாளோடு கிளம்பினான். கிழட்டு மாடு. நிழல் கண்ட இடத்திலெல்லாம் நின்றது. இவர்களும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் வேலைக்கல்லாமல் வண்டி ஏறியது இதுதான் முதல் தடவை.

அம்பத்தூரில் அக்கா முத்தம்மாள் சோறு போட்டு, கூடவே குண்டையும் போட்டாள்.

"நைனா வேம்புலியம்மனுக்குத் தீ மெறிச்சத நானே பாத்துகீறேன்டா. அப்பறம் வேற எந்த சாமி?"

வெளியே வந்ததும் நாகப்பன் வண்டியை முகப்பேர்ப் பக்கம் திருப்பினான்.

"எங்க திருப்புற?" என்றாள் கெங்கம்மாள். "முத்தாபுதுப்பேட்டையில உன் பெரிப்பா மவன் கீறாரு. அவரையும் கேட்டுட்டுத் தலையில துண்டு போட்டுக்கோ."

"மாடு தாங்காதுமே."

"மாடு தாங்கும். நீதான் தாங்க மாட்ட."

ஆவடியில் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பிப் போயின. அதைத் தாண்டிப் புதுச் சல்லி ரோடு. வண்டி கடகடத்தது.

பெரியப்பா மகன் கோவிந்தன் கல் உடைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். விரல்களில் கந்தல் சுற்றியிருந்தது. கேட்டதும் சிரித்தான்.

"எங்க நைனா பேரு இன்னா, சொல்லு பாப்பம்?"

"பெரிப்பா."

"பேர சொல்லுடா."

"தெரியாதுண்ணே."

"அவரும் வேம்புலிதான். பெரிய வேம்புலி, சின்ன வேம்புலி. எந்தத் தாய்டா ரெண்டு புள்ளைக்கும் ஒரே பேரு வெப்பா? ஆண்டை வெச்ச பேரு. அம்மன் ஆண்டையோடது. மாட்டுக்கு சூடு போடற மாரி. தீ மெறின்னா மெறிச்சாங்க. மாட்டேன்னா மறுநா வேலை ஏது?"

"அப்ப நம்ம சாமி?"

"ஏரிக்கர கன்னிமாரு. ஏழு கல்லு. நைனா இருக்கச்சொல்லோ வருசா வருசம் மஞ்ச பூசுவாரு."

கெங்கம்மாள் முகம் தெளிந்தது. "பங்காளி இல்ல, சம்மந்திதான். போறப்ப சூடம் ஏத்திட்டுப் போலாம். எங்க கீது, மாமா?"

கோவிந்தன் கந்தலைப் பிரித்துத் திரும்பச் சுற்றினான்.

"பட்டாளத்துக்கு ரோடு போட கல்லு பத்தல. கரையில கெடந்தது அல்லாத்தையும் வாரியாந்து கொட்டிட்டான் கன்ட்ராக்டர். என் பங்குல அந்த ஏழு கல்லும் வந்துச்சு. மஞ்ச தெரிஞ்சுது. ஒடைச்சாத்தான் கூலி. அன்னிக்கி ஊட்ல அடுப்பு எரியல."



"எந்த ரோடுண்ணே?" என்றான் நாகப்பன்.

"நீங்க வந்துகினு இருந்தீங்களே, அதான்."

விடிந்ததும் பூந்தமல்லிக்குப் புறப்பட்டார்கள். சல்லி ரோடு தொடங்கும் இடத்தில் கெங்கம்மாள் இறங்கி, ஓரத்து மண்ணில் நடந்தாள்.

"இன்னாமே?"

"ஒன்னும் இல்ல. நீ ஓட்டு."

கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு அவனும் இறங்கி, மாட்டைப் பிடித்து வண்டியைச் சரிவில் இறக்கினான். சக்கரம் மண்ணில் புதைந்தது. இருவரும் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். நல்ல ரோடு இருக்க இதுகளுக்கு என்ன பைத்தியமா என்று ஒரு லாரிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"கன்னிமாருன்னு சொல்லிட்றேன். எங்க கீதுன்னு சின்னப்பையன் கேட்டா?"

"ஆவடி ரோட்டுலன்னு சொல்லு" என்றாள் கெங்கம்மாள். "பொய்யா? தள்ளு."