பின் சீட்டுக்காரிகள்

காட்டுப் பயணத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்த குடும்பம் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும். எல்லாம் அத்தானின் ஏற்பாடு. அக்காவின் கணவர்; பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்தது அவர்கள் கல்யாண போட்டோவில்தான்.

தேசியப் பூங்காவில் மிருகங்களைப் பார்க்க ஜீப்புக்குச் சொல்லிவைத்திருந்தார். எங்கள் வீட்டில் மூவர், அவர்கள் வீட்டில் மூவர். பூங்காவின் விதிகளைப் போனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். மங்கலான நிறத்தில்தான் உடுப்பு. வண்டிக்குள் பேச்சு மூச்சு கூடாது. ஏதாவது மிருகம் கண்ணில் பட்டால் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி விரலால் காட்ட வேண்டும்.

சிக்கல் அங்கேதான். நானும் அக்காவும் பேசி ஒரு வருஷம் ஆகிறது. நான் தையல்கடை வைத்திருக்கிறேன். ஆசையாசையாக அவளுக்குப் பாசிப்பச்சையில் ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். மகராசி அதைப் போட்டுக்கொண்டு என் கடைக்கே வந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னால் கை இறுக்குகிறது என்றாள். சட்டை சரியாகத்தான் இருக்கிறது, நீதான் பெருத்துவிட்டாய் என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதோடு சரி. அவள் முதலில் பேசட்டும் என்று நான், நான் முதலில் பேசட்டும் என்று அவள். அவள் குரலுக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ஏங்குவது வேறு, இறங்கிப் போவது வேறு.

என் பக்கத்தில் உட்காரச் சொன்னால் காட்டுக்கே வரமாட்டேன் என்று அக்கா அத்தானிடம் சொல்லியிருந்தாள். அத்தான் அசரவில்லை. ஆண்கள் இருவரும் முன்னால், எங்கள் மகள்கள் நடுவில், நாங்கள் பின்னால்.

"காட்டுல பேசாம இருக்கணும். அதுல நீங்க ரெண்டு பேரும் ஒரு வருஷமா பயிற்சி எடுத்தவங்க. பின் சீட்டுக்கு உங்கள விட்டா வேற யாரு?" என்றார். ஒத்திகையில் வாயைத் திறக்கிறவர் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு ஹாலில் சாப்பாட்டு நாற்காலிகள் இரண்டிரண்டாக ஜீப்பாகின. பஸ் ஓட்டுகிற என் கணவர், லீவு நாளிலும் கை சும்மா இருக்காமல் ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தப் பாசிப்பச்சைச் சட்டையில் வந்தாள். மங்கலான நிறத்தில் வேறு இல்லை போலிருக்கிறது, இல்லாவிட்டால் இதைத் தொடுவாளா என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. அத்தான் எங்கோ ஒளித்துவைத்த பொம்மைக் கரடியை எல்லோரும் கண்ணால் தேடினார்கள். என் நாற்காலியிலிருந்து மட்டும் சமையலறை மேடை தெரிந்தது. அதில் இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா பொரித்துவைத்த மீன். சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை இறங்கியது.

அவளுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பூனை ஒரு துண்டைக் கவ்வியது. அக்கா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, தூங்காமல் நின்று பொரித்த மீன் அது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் தோளைத் தட்டினேன்.

விரலுக்கு அடியில் என் தையல். துணி துவைத்துத் துவைத்துக் குழைந்திருந்தது, தையலோரம் நூல் இளகியிருந்தது. காட்டுக்கென்று பெட்டியிலிருந்து எடுத்த சட்டை இல்லை அது. வருஷம் முழுக்க இதைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் கை அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு பூனையைப் பார்த்தாள். திறந்த வாய் விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. என் கையைப் பிடித்து நெரித்தாள். பூனை அடுத்த துண்டுக்குப் போனது. சிரிப்பை அடக்க முடியாமல் நாங்கள் குலுங்கியதில் நாற்காலிகள் ஆடின. என் கணவர் பள்ளத்தைத் தவிர்ப்பதுபோலத் தட்டை ஒடித்துத் திருப்பினார்.

மறுபடி விசில். யார் யார் என்ன பார்த்தீர்கள் என்று அத்தான் பெருமையாகக் கேட்டார். அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"கை இன்னமும் இறுக்கமாத்தான்டி இருக்கு."

நான் அந்தக் கைத் தையலைத் திருப்பிப் பார்த்தேன். "உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். அன்னிக்கே கழட்டிக் குடுத்திருந்தா பிரிச்சு விட்டிருப்பேன்ல?"

"குடுத்தா நீ திருப்பித் தரமாட்டியோன்னு பயந்துட்டேன்," என்றாள் அக்கா.

அன்று இரவு எல்லோருக்கும் ரொட்டியும் முட்டையும்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அக்காவும் வாயை மூடவில்லை. அத்தான் எங்களையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் ஒரு முயல்கூடக் கண்ணில் படாது, உங்கள் இருவரையும் வேறு வேறு வரிசையில் போடப்போகிறேன் என்றார்.

"அப்ப நாங்க வரல," என்றோம் இருவரும்.