அம்மணி போகவேண்டிய வழி

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தை ஊரே நல்ல மனுஷன் என்று சொல்லும். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டவளைக் கேட்டால்தான் சங்கதி தெரியும். எங்கள் காலனிக்கு நாட்டாமை அவர். அவர் வாய் திறந்தால் காலனியே பேசியதாகக் கணக்கு, மூடிக்கொண்டாலும் அப்படித்தான்.

திண்டிவனத்துக்கு மேற்கே, எங்கள் காலனிக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் சுப்பராயலுவின் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடும் நிலம். அதன் வரப்பு மேல்தான் எங்கள் பிணங்கள் போகும். ஊர்த்தெருவில் எங்கள் பாடையை நுழைய விடமாட்டார்கள். இன்னொரு பக்கம் ஏரி.

எண்பத்து நாலில் சுப்பராயலு அந்தக் கொல்லையை மனை போட்டு விற்கப்போவதாகப் பேச்சு வந்தது. என் நாத்தனார் அம்மணிதான் முதலில் பதறினாள். கால் வீங்கிப் படுத்த படுக்கையாக எங்கள் வீட்டில்தான் கிடந்தாள். "அம்சா, என்ன அவரு பக்கத்துல கொண்டும்போய் வெச்சிடுங்கடி" என்பாள். புருஷன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூமி பூஜை. அன்றைக்கே பிளானைச் சரிபார்க்க விழுப்புரத்திலிருந்து அதிகாரியும் ஜீப்பில் வந்துவிட்டார். எங்களையும் அழைத்திருந்தார்கள். சுப்பராயலுவே தாம்பூலத் தட்டை நீட்டியபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, புது மாப்பிள்ளை தோற்றான் போங்கள்!

அதிகாரி நீலத்தாளை ஜீப்பின் மேல் விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பதடி ரோடு எங்கே போய் முட்டுகிறது, தண்ணீர் டேங்க் எங்கே, கரண்ட் கம்பம் எந்த ஓரம், மழைத்தண்ணீர் எப்படி வடியும். ஒரு கால்வாயைப் பென்சிலால் அடித்துத் திருப்பிப் போடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, கவனமான மனிதர். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த நெலத்துல யாருக்காவது நடவழி இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லுங்க, பிளான்ல போட்டுடலாம்."

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து அவர் முதுகில் இடித்தேன்.

"சொல்லுய்யா."

"சும்மா இருமே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கற்பூரம் எரியற நேரத்துல பொணத்துப் பேச்ச எடுக்கறதா? நல்ல நாளும் அதுவுமா! நாளைக்குப் போய் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு அந்த ஆளு இங்க இருக்க மாட்டாருய்யா!"

என் குரல் ஏறியதும் எங்கள் ஆட்களே "பொம்பள வாய அடக்கு" என்று என்னைப் பின்னுக்குத் தள்ளினார்கள். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அட பாவி மனுஷா!

அதற்கப்புறம் விழுப்புரத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். "கேட்டப்ப இல்லன்னீங்களே" என்றார் அதே அதிகாரி. சுப்பராயலு வீட்டுக்கும் போனோம். அவர் கோபப்படக்கூட இல்லை.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓரமா பத்தடி உட்டிருப்பனே, விருத்தாசலம். இப்ப எல்லாம் வித்துப்போச்சு. வாங்கினவன் வாசல் வழியா பொணம் போனா உடுவானா?"

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனசு ஆறியிருப்பேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

கார்த்திகை அடைமழையில் அம்மணி போய்விட்டாள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வரப்பு இருந்த இடத்தில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி போட்டிருந்தார்கள். பாடையைக் கம்பி ஓரமாக இறக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் மனைக்காரர்களைக் கெஞ்சினார். புதுசாகக் கடைக்கால் போட்டிருந்தவர்கள், குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. பொழுது சாயும் வரை அம்மணி மழையில் நனைந்தாள். பிறகு வீட்டுக்கே திருப்பித் தூக்கி வந்தோம். செத்தவளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த கூத்தை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா?

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் அவரே குழி வெட்டினார். அக்கா, உன் புருஷன் பக்கத்தில் உன்னை வைக்க முடியவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மண்ணைத் தள்ளி முடித்ததும் அவர் மிச்சமிருந்த தரையை வேலி வரைக்கும் காலால் அளந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்குதுமே" என்றார்.

"அது எனக்குய்யா" என்றேன்.

அதற்கும் சரி என்று தலையாட்டினார்.