பைரி கிடைத்தால் பாக்கி இல்லை

மேஸ்திரிக்கு நெட்டையன் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது. ஒரு வருஷம் முதுகு ஒடியச் செங்கல் அடுக்கியும் வட்டிதான் கழிந்தது. அசல் இம்மியும் அசையவில்லை.

"பைரின்னு ஒரு வேட்டைப் பறவை, வெளியில லட்சக்கணக்குல விலை போகும். உயிரோட பிடிச்சுக் குடு, உன் கணக்கை முடிச்சுடறேன்" என்றான் மேஸ்திரி.

கட்டி முடியாத கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு புறாவைக் காலில் கயிறு கட்டி விட்டு, சுற்றிலும் வலை விரித்தார்கள். எது வந்து விழுந்தாலும் மேஸ்திரி தூக்கிப் பிடிக்க, நெட்டையன் தன் போனில் படம் பிடிப்பான். பறவைகளை அடையாளம் காட்டும் ஆப் பெயரைச் சொல்லும்.

"என்னடா சொல்லுது?"

"பருந்துங்க."

"இதை எவன் காசு குடுத்து வாங்குவான்? விட்டா மறுபடி வந்து வலையைக் கிழிக்கும். தீத்துடு."

முதல் பருந்தின் கழுத்தைத் திருகும்போது நெட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவதற்கு மேஸ்திரி சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது.

அன்று காலை விழுந்த பறவைக்குக் கறுத்த தலை, கன்னத்தில் மீசைபோல ஒரு கோடு. ஆப் பைரி என்றது. மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். ஊசியும் நூலும் எடுத்து நீட்டினான்.

"கண்ணு தெரிஞ்சா கூண்டுல மோதியே செத்துடும். இமையைத் தைச்சுடு."

ஊசி கீழ் இமையில் இறங்கியது. ரத்தம் கசிந்தது. பறவையின் நகம் நெட்டையனின் உள்ளங்கையைத் துளைத்தது. அவன் பிடியை விடவில்லை. அப்போதுதான் கல் சுமக்கும் அவன் மனைவி படியேறி வந்தாள். செத்துக் கிடந்த பருந்துகளைப் பார்த்தாள். ஊசியையும் பார்த்தாள்.

"என்ன பண்றே நீ?"

"உனக்காக வாங்கின கடன்டி."

"இந்தப் பாவத்துல என் பேரை இழுக்காதே. இப்படிப் பொழைச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

நெட்டையன் பறவையை முகத்தருகே தூக்கினான். நூலைப் பல்லால் கடித்தான், மெல்ல உருவினான், கையை விரித்தான். பைரி ஒரே வீச்சில் வானத்தில் ஏறியது.

மேஸ்திரி இரும்புக் கம்பியை எடுத்து விளாசினான். முதல் அடியில் நெட்டையனின் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது தோளில் விழுந்தது. மனைவி கீழே கிடந்த போனைப் பாய்ந்து எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள்.

"கம்பியைப் போடுங்க. செத்தது அத்தனைக்கும் இதுல படம் இருக்கு. பக்கத்துல நீங்களும் நிக்கறீங்க. வனத்துறைக்கு அனுப்பட்டுமா?"

கம்பி கீழே விழுந்தது. "உங்க கடன் தள்ளுபடி. ஒரு பைசா வேண்டாம். படத்தை மட்டும் அழிச்சுடும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"அனுப்பு" என்றான் நெட்டையன், தொங்கும் கையைப் பிடித்தபடி. "கழுத்தைத் திருகினது நான்தான், அதையும் எழுது. கடன்பட்டவன் உழைச்சுத்தான் அடைக்கணும். இன்னொரு உயிரை எடுத்து அடைச்சா அதுக்குப் பேரு கொலை."

அவள் அனுப்பிவிட்டாள். "கடன் தள்ளுபடின்னு அவர் சொன்னதையும் சேர்த்துதான் எழுதியிருக்கேன், இனி பாக்கின்னு கேக்க முடியாது" என்றாள்.