வெறும் கம்பி வைத்த போர்ட்

கமலாசனி வரைந்து கொடுத்த போர்ட்டில், மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ஒவ்வோர் உள்ளீட்டுக் காலுக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு செனர் டயோடும் காவல் இருந்தன. ரெசிஸ்டர் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். செனர் ஐந்து வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது. பிலிமத்தலாவைப் பட்டறையில் அதைப் பொருத்திய செல்லப்பா இரண்டையும் விட்டுவிட்டு வெறும் கம்பியைப் பற்றவைத்தார். கண்டி டவுனில் இருபது வருஷம் ரேடியோ திருத்தியவர். யாழ்ப்பாணத்திலிருந்து நேற்று வந்த பெண் தனக்குப் பாடம் எடுப்பதா என்ற கடுப்பு.

தொண்ணூற்றொன்பதில் அந்த போர்ட் குண்டசாலைப் பக்கம் ஓர் இராணுவ முகாமின் தண்ணீர்ப் பம்புக்குப் போனது. மலைமேல் தண்ணீர்த் தாங்கி, அதன் மிதவை ஸ்விட்சிலிருந்து இருநூறு மீற்றர் வயர் இறங்கி வந்தது. ஐப்பசி இடிமழையில் வயர் வழியே பாய்ந்த மின்சாரம் நேரே சிப்பைக் கருக்கியது. பம்ப் நிற்காமல் ஓடி, கிணறு வற்றி, மோட்டர் வெந்தது. மறுநாளே, புலிகளின் சதி என்ற சந்தேகத்தில், பட்டறை வாசலில் பொலிஸ் ஜீப்.

"வரைஞ்சது இந்த மிஸ்தான்," என்று செல்லப்பா சிங்களத்தில் சார்ஜன்டிடம் முந்திக்கொண்டார். பிறகு தமிழில் அவளிடம், "உங்க ஊர்க்காரங்க செய்யிற வேலைக்கு நாங்க ஏன் மிஸ் அடி வாங்கணும்?" என்றார்.

கமலாசனி விறுவிறுவென்று உள்ளே போனாள். தான் பொருத்திய போர்ட் ஒன்றையும் அவர் பொருத்தியது ஒன்றையும் மேசையில் வைத்தாள். இரண்டிலும் சிறு விளக்கு மினுங்கியது. அவருடையதன் உள்ளீட்டில் இருபத்துநான்கு வோல்ட்டைத் தொட்டாள். சிப் தீய்ந்து மணத்தது, விளக்கு அணைந்தது. தன்னுடையதிலும் தொட்டாள். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

"ரெசிஸ்டரையும் செனரையும் ஏன் பூட்டேல்லை எண்டு நீங்களே சொல்லுங்கோ," என்றாள்.

செல்லப்பா கருகிய போர்ட்டைக் கவிழ்த்து வைத்தார். அவர் பெயரைச் சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சார்ஜன்டிடம் திரும்பி, சொன்னாள்.

சார்ஜன்ட் போர்ட்டைப் பார்க்கவேயில்லை. இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுவும் தமிழ், அதுவும் தமிழ். ரெண்டு பேரும் ஏறுங்க."

மூன்றாம் நாள் பட்டறை முதலாளி கையெழுத்திட்டு அவர்களை மீட்டார். செல்லப்பாவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"எம் பேரை ஏன் சொன்னீங்க?"

"என்ர பேரை முதல்ல சொன்னது நீங்கள்."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவர் அடுத்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டார்.